மகளுக்குப் பெயர் வைக்கும் முன் ஸ்பெல்லிங்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் நட்சத்திரம் பார்க்கிறார்கள், எண் கணிதம் பார்க்கிறார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதுவரை கேட்டிராத ஒருவரிடம் நீட்டி வாசிக்கச் சொல்வோர் குறைவு.

பெரிய சிக்கல் ழகரம். யாழினி, கயல்விழி எல்லாம் அருமையான பெயர்கள்தான். ஆனால் ழகரத்துக்கு நாம் போடும் 'இசட்-ஹெச்' தமிழரையும் மலையாளிகளையும் தாண்டினால் செல்லாது. வடக்கே போனால் 'யாஜினி', 'கயல்விஜி' ஆகிவிடும். இலங்கைத் தமிழர் பலர் அங்கே 'எல்' போடுகிறார்கள். ழகரம் போனாலும் பெயர் காதுக்குப் பழகியதாகவே ஒலிக்கும்.

வல்லினத்தில் வேறு தொல்லை. பாவனா என்று தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தால், அது 'பால்' பகரமா 'பஸ்' பகரமா என்று தட்டச்சு செய்பவர்தான் முடிவு செய்வார். தீபா, காயத்ரிக்கும் இதே கதி. நிலாவும் நீலாவும் ஒன்றாகிவிடாமல் இருக்க நீலாவுக்கு இரட்டை 'ஈ' போடுவது நல்லது. ம, ய, ர, ல, வ எழுத்துகள் மிகுந்த பெயர்களுக்கு இந்த வம்பெல்லாம் குறைவு: ரம்யா, யமுனா, உமா, அமலா.

அதற்காக ஒவ்வொரு ஒலியையும் ஆங்கிலத்தில் பிடித்துவிடவும் முடியாது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஸ்பெல்லிங்கை மாற்றி வந்த அரசாணை, நீண்டு கிடந்த எழுத்துகளால் கேலிக்குள்ளாகி, சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. எண் கணிதக் கூட்டுத்தொகைக்காக நடுவில் ஒரு 'ஹெச்', கடைசியில் ஒரு 'ஏ' சேர்ப்பது இன்னும் மோசம். ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒன்று என்றாகி, பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வைக்கும்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் போதும். பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழே ஆவணம். ஆகவே பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், கவுன்ட்டரை விட்டு நகரும் முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

– ஓய்வு பெற்ற தமிழாசிரியை, தஞ்சாவூர்