ஜெனரல் படம் போதும் சார், சிப்பாய் எழுதின லெட்டரையும் கொஞ்சம் படிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ரெண்டாம் உலகப்போர் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படம் எல்லாம் பிரமாதம், ஐசன்ஹோவர், பாட்டன், மெக்ஆர்தர்னு அமெரிக்க ஜெனரல்ங்க வரிசையா நிக்கிறாங்க, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா கடைசி பத்தியில போற போக்குல ஒரு வரி இருந்துச்சு, அமெரிக்க சிப்பாய்க்கு சாக்லேட்டு சிகரெட்டு சூயிங்கம்னு எல்லாம் உக்காந்த இடத்துக்கே வந்துச்சு, அவங்க சண்டைக்குப் போனதே பிக்னிக் போன மாதிரிதான்னு. அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. பேனாவை எடுத்துட்டேன், கொஞ்சம் நீளமாதான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் சரித்திரம் படிச்ச ஆள் இல்ல சார். முப்பது வருஷம் வண்டிக்கு அடியில படுத்துக்கிடந்த மெக்கானிக். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒருநாள் பழைய ஜீப்போட படம் ஏதாவது கிடைக்குமான்னு நெட்ல துழாவிட்டு இருந்தப்ப மாட்டினதுதான் பி.எஸ். மேகசின். அமெரிக்க ராணுவம் 1951 ஜூன்ல, கொரியா சண்டை நடந்துட்டு இருக்கும்போது ஆரம்பிச்ச பத்திரிகை, வண்டி துப்பாக்கி ஜெனரேட்டர் எல்லாத்தையும் எப்படிப் பாத்துக்கிறதுன்னு காமிக்ஸா சொல்லிக்கொடுத்துச்சு. வரைஞ்சவர் வில் ஐஸ்னர், காமிக்ஸ் உலகத்துல பெரிய தலை. அதுக்கு முன்னாடி ரெண்டாம் உலகப்போர் காலத்துல ஆர்மி மோட்டார்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அதுலயும் இவர் கைவண்ணம்தான். லெட்டர் கடைசியில 'பின்குறிப்பு'ன்னு போடுவோமே, அதான் அந்த பி.எஸ்., பெரிய பெரிய மேனுவலுக்கெல்லாம் இது பின்குறிப்பு மாதிரின்னு அர்த்தம்.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஹாஃப்-மாஸ்ட்னு ஒரு கற்பனை சார்ஜென்ட். எங்கெங்கயோ சேத்துல மாட்டிக்கிட்டு இருக்கிற சிப்பாய்ங்க இவருக்கு லெட்டர் போடுவாங்க, இந்த பார்ட் இப்படி ஆகுது, மேனுவல்ல வேற மாதிரி சொல்லியிருக்கு, எது சரின்னு, இவர் பதில் சொல்லுவாரு. ஒரு வொர்க்‌ஷாப்காரனா அதைப் படிக்கும்போது எனக்கு சிரிப்பும் வருது ஒரு மாதிரியாவும் இருக்குது, ஏன்னா சண்டைன்னா சுடுறதுன்னு நினைச்சிட்டு இருந்தேன், பாதி நாள் அவங்க பண்ணினது நம்மள மாதிரி கிரீஸ் அடிச்சதும் நட்டு முறுக்கினதும் ஸ்பேர் வரலன்னு புலம்பினதும்தான்.

வியட்நாம் சமாச்சாரம் ஒண்ணு சொல்லிடறேன். எம்16 துப்பாக்கி புதுசா வந்தப்ப இது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்ங்கிற மாதிரி ஒரு பேச்சு பரவிடுச்சு, க்ளீனிங் கிட்டும் போதுமான அளவுக்குப் போகல, தோட்டாவுல போடுற மருந்தையும் மாத்திட்டாங்க, தோட்டா உக்காருற சேம்பர்ல குரோம் பூச்சும் கிடையாது, இதெல்லாம் சேந்து சண்டை நடுவுல துப்பாக்கி ஜாம் ஆகி பசங்க செத்தாங்க. அப்புறம்தான் துப்பாக்கியில மாற்றம் பண்ணி, 1968ல ஐஸ்னரை விட்டு ஒரு குட்டி காமிக்ஸ் புத்தகம் போட்டு எப்படி சுத்தம் பண்றதுன்னு படம் படமா காட்டினாங்க. துப்பாக்கியை ஒரு பொண்ணு மாதிரி நினைச்சுக்கோன்னு எழுதியிருப்பாங்க, இன்னிக்குப் பாத்தா முகம் சுளிக்கத்தான் தோணும், ஆனா பத்தொன்பது வயசுப் பையன் மேனுவலைத் தொடமாட்டான் இதைத் தொடுவான்னு தெரிஞ்சு பண்ணின வேலை அது.

சரி உங்க சாக்லேட்டுக்கு வர்றேன். அந்தப் பிழைப்பு எப்படின்னு சிப்பாய்ங்களே எழுதின பத்திரிகை இருக்கு சார், யாங்க். 1942 ஜூன்ல ஆரம்பிச்சு 1945 டிசம்பரோட முடிஞ்சது, வாரப் பத்திரிகை, விலை 5 சென்ட், உச்சத்துல 20 லட்சம் பிரதிக்கு மேல போச்சு. எழுதினவங்க எல்லாம் ஆபீசர் இல்லாத சாதா ஆளுங்க, பிரைவேட் கார்ப்போரல் சார்ஜென்ட் அவ்வளவுதான். ஜி.ஐ. ஜோன்னு இன்னிக்கு பொம்மை விக்கிறாங்களே, அந்தப் பேரே இதுல வந்த ஒரு கார்ட்டூன் மூலமாதான் ஊரெல்லாம் பரவுச்சு. சேட் சாக்னு இன்னொண்ணு, ஜார்ஜ் பேக்கர் வரைஞ்சது, ஒரு வார்த்தை பேச்சு இருக்காது, பாவப்பட்ட சிப்பாய் ஒருத்தன் கக்கூஸ் கழுவுறது, க்யூவுல நிக்கிறது, கடைசியா அவன் முறை வரும்போது எல்லாம் தீந்து போறது, இதேதான் வாராவாரம்.

இவங்களுக்கு அவசர உணவா குடுத்த டி-ரேஷன் சாக்லேட்டு இருக்கே, 1937ல ராணுவம் ஹெர்ஷி கம்பெனிகிட்ட ஆர்டர் குடுக்கும்போதே கேப்டன் ஒருத்தர் சொல்லிட்டாராம், டேஸ்ட் வேகவெச்ச உருளைக்கிழங்கை விட சும்மா ஒரு படி மேல இருந்தா போதும், ரொம்ப நல்லா இருந்தா அவசரத்துக்கு வெச்சுக்காம பசங்க முன்னாடியே தின்னு தீத்துடுவாங்கன்னு. 4 அவுன்ஸ் கட்டி, 600 கலோரி, கல்லு மாதிரி இருக்கும், கத்தியால சீவித்தான் திங்கணும். இன்னொரு பக்கம் கே-ரேஷன்னு ஒரு சாப்பாட்டு டப்பா, அதுல சிகரெட்டும் சூயிங்கமும் இருந்தது உண்மைதான், கூடவே ஒரு லெமன் பவுடர், அதை பேட்டரி ஆசிட்னுதான் கூப்பிடுவாங்க. இதையே மாசக்கணக்கா தின்னவனைப் போய் பிக்னிக் போனான்னு சொல்றது நியாயமா சார்?

சாக்ஸ் பத்தியும் சொல்லணும். சிப்பாய்ங்களுக்குன்னு வந்த ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்ங்கிற ராணுவ பேப்பர்ல பில் மால்டின்னு ஒரு பையன் வில்லி, ஜோன்னு ரெண்டு சிப்பாய்ங்களை வரைஞ்சான், தாடி மழிக்காம, உடம்பெல்லாம் சேறு, கண்ணு குழி விழுந்து. ஒரு படத்துல ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட சொல்றான், நேத்து நீ என் உயிரைக் காப்பாத்தினே, பதிலுக்கு இந்தா என்கிட்ட இருக்கிற கடைசி ஜோடி காஞ்ச சாக்ஸுன்னு. முதல் தடவை பாத்தப்ப ஜோக்குன்னு சிரிச்சேன். அப்புறம்தான் படிச்சேன், 1944 குளிர்காலத்துல ஐரோப்பாவுல ஈரக் காலோட பள்ளத்துல நாள்கணக்கா கிடந்து கால் வீங்கி மரத்து கருத்துப்போயி ஆஸ்பத்திரிக்குப் போனவங்க ஆயிரக்கணக்குல. அப்புறம் அந்தப் படத்துக்கு எனக்கு சிரிப்பு வரல.

உங்க பக்கத்துல பளபளன்னு நிக்கிறாரே ஜெனரல் பாட்டன், அவருக்கு இந்த வில்லியும் ஜோவும் ஆகவே ஆகாது. ஷேவ் பண்ணாத சிப்பாய்ங்களை வரைஞ்சு ஒழுங்கைக் கெடுக்கிறான், நிறுத்தலைன்னா என் படைக்குள்ள பேப்பரே வரவிடமாட்டேன்னு மிரட்டி, 1945 மார்ச்ல மால்டினை நேர்லயே கூப்பிட்டு டோஸ் விட்டாரு. பாட்டனுக்கும் மேல இருந்த ஐசன்ஹோவர் தரப்பு அந்தப் பையன் பக்கம் நின்னுச்சு, அவன் பாட்டுக்கு வரைஞ்சான், அதே வருஷம் 23 வயசுல புலிட்சர்ங்கிற பெரிய பத்திரிகை பரிசும் வாங்கிட்டான். இந்தக் கதையை அந்த போட்டோவுக்குக் கீழ ரெண்டு வரி போட்டிருந்தா கட்டுரைக்கே உயிர் வந்திருக்கும்னு என் அபிப்பிராயம்.

சம்பளம் கேட்டீங்கன்னா 1942 நடுவுல இருந்து பிரைவேட்டுக்கு மாசம் 50 டாலர், அதுக்கு முன்னாடி இன்னும் கம்மி. வீட்டுக்கு லெட்டர் போட ஸ்டாம்பு வேண்டாம், ஃப்ரீன்னு கையால எழுதினாப் போதும், ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி உன் ஆபீசரே பிரிச்சுப் படிச்சு ஊர் பேரு இடம் பேரு எல்லாம் வெட்டிடுவாரு, பொண்டாட்டிக்கு எழுதினதை மேலதிகாரி படிக்கிறாருன்னா யாருக்கு மனசு விட்டு எழுத வரும். வர்ற லெட்டரும் லேசுல வராது. 1945 பிப்ரவரியில இங்கிலாந்து பர்மிங்ஹாம்ல லட்சக்கணக்கான லெட்டரும் பார்சலும் கூரை வரைக்கும் குவிஞ்சு கிடந்துச்சு, அதைப் பிரிக்க வந்தது 6888ங்கிற படைப்பிரிவு, மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில கறுப்பினப் பெண்கள் 855 பேர். ராபர்ட் ஸ்மித்ங்கிற ஒரே பேருல மட்டும் 7,500 பேர் இருந்தாங்களாம், நம்பரை வெச்சுதான் ஆளைக் கண்டுபிடிக்கணும். 6 மாச வேலையை 3 ஷிப்ட் போட்டு 3 மாசத்துல முடிச்சாங்க சார். உங்க ரெண்டு பக்கத்துல இவங்களுக்கு ஸ்டாம்பு சைஸ்ல ஒரு படம் கூட இல்ல.

இப்ப நான் எழுத வந்த விஷயம். இந்தப் பத்திரிகைங்கள்ல கதை, கார்ட்டூன், பொண்ணுங்க போட்டோ எல்லாத்தையும் விட உசத்தி எதுன்னா வாசகர் கடிதம்தான். யாங்க்ல அதுக்கு மெயில் கால்னு பேரு. ஐரோப்பாவுல வந்த ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்ல பி-பேக்னு பேரு, சிப்பாய் மூட்டை முடிச்சு வெச்சிருக்கிற பையோட பேரு அது, மனசுல இருக்கிறதை இங்க கொட்டுங்கடாங்கிற மாதிரி. சண்டை முடிஞ்சதும் யார் முதல்ல வீட்டுக்குப் போறதுன்னு பாயிண்ட் கணக்கு வந்துச்சு 1945 மே மாசம், சர்வீஸ்ல மாசத்துக்கு ஒண்ணு, வெளிநாட்டுல இருந்தா மாசத்துக்கு இன்னொண்ணு, மெடலுக்கு 5, குழந்தைக்கு 12, மூணு குழந்தை வரைக்கும்தான், மொத்தம் 85 இருந்தா ஊருக்குப் போகலாம். அவ்வளவுதான், பிடிச்சுக்கிச்சு சண்டை. பள்ளத்துல கிடந்து சுட்ட காலாட்படைக்காரனுக்குன்னு ஒரு பேட்ஜ் இருந்துச்சு, அதுக்கு ஒரு பாயிண்ட் கூட கிடையாது, மூணு பிள்ளை பெத்தவனுக்கு 36. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கத்தானே செய்யுது.

ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது ஒரே ஒரு லெட்டர். 1944 ஏப்ரல் 28 தேதியிட்ட யாங்க்ல வந்தது, எழுதினவர் கார்ப்போரல் ரூபர்ட் டிரிம்மிங்ஹாம், கறுப்பின சிப்பாய். அவரும் இன்னும் எட்டு பேரும் லூசியானாவுல இருக்கிற கேம்ப் கிளெய்போர்ன்ல இருந்து அரிசோனாவுல ஃபோர்ட் ஹுவாச்சுகா ஆஸ்பத்திரிக்கு ரயில்ல போறாங்க. வழியில ஒரு ஊர்ல ராத்திரி தங்கி மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதா போச்சு. ஒரு கப் காப்பி குடிக்க இடம் தேடுறாங்க, கறுப்பு ஆளுங்களுக்கு எங்கயும் கிடையாது, கடைசியில ரயில்வே ஸ்டேஷன் கேண்டீன்காரன், அதுவும் பின்பக்கம் சமையல்கட்டுக்கு வந்தா தர்றேன்கிறான். சரின்னு இருந்தா, கொஞ்ச நேரத்துல ரெண்டு அமெரிக்க காவலாளிங்களோட ரெண்டு டஜன் ஜெர்மன் கைதிங்க வர்றாங்க, நேரா உள்ள போறாங்க, மேஜையில உக்காருறாங்க, சாப்பாடு வருது, சிகரெட் பிடிச்சு பேசி சிரிச்சிட்டு இருக்காங்க. அமெரிக்க யூனிஃபார்ம் போட்டவன் வெளிய நின்னு பாக்குறான். நாங்க யாருக்காக சண்டை போடுறோம்னு கேட்டிருந்தாரு.

நான் பெருசா நினைச்சது அதுக்கு அடுத்து நடந்ததை. ஜூலை மாசம் அதே பத்திரிகையில டிரிம்மிங்ஹாம் மறுபடி எழுதினாரு, அந்த லெட்டரைப் படிச்சுட்டு தனக்கு 287 பேர் எழுதினாங்க, அதுல 183 பேர் வெள்ளைக்காரங்க, அதுலயும் தெற்கு மாநிலத்துக்காரங்களே நிறைய பேர்னு. யோசிச்சுப் பாருங்க, ராணுவமே கறுப்பு வெள்ளைன்னு பிரிஞ்சு கிடந்த காலம், ராணுவமே நடத்துற பத்திரிகை, அதுல இந்த லெட்டரைப் போட்டு, வந்த பதிலையும் போட்டிருக்காங்க. படையில அந்தப் பிரிவினை கூடாதுன்னு ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவு போட்டதே 1948லதான்.

யாங்க் ஒண்ணும் கோயில் இல்ல, தணிக்கை இருந்துச்சு, நீச்சல் டிரெஸ் போட்டோவுக்கு ஒரு பக்கம் ஒதுக்காம இதழே வராது, அதையெல்லாம் மறைச்சு நான் பாட்டுப் பாட வரல. இருந்தாலும் புலம்புறதுக்கு ஒரு பக்கம் இருந்துச்சு. ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் இன்னும் நடக்குது, 2003ல ஈராக்குல அதுவே சிப்பாய்ங்ககிட்ட ஒரு சர்வே எடுத்து, கிட்டத்தட்ட பாதிப் பேரு எங்க யூனிட்ல மனசு விட்டுப்போச்சுன்னு சொன்னதை மூடி வெக்காம அச்சடிச்சுச்சு. 2020ல பென்டகன், அதாவது அமெரிக்க ராணுவத் தலைமையகம், அதை இழுத்து மூடப் பாத்து, சத்தம் கிளம்பினதும் ட்ரம்ப்பே நிறுத்தமாட்டோம்னு சொல்ல வேண்டியதாச்சு.

அதனால கட்டுரை எழுதினவர்கிட்ட என் வேண்டுகோள், அடுத்த பாகம் போடறதா இருந்தா, அந்த மெயில் கால் பக்கத்தை ஒரு மணிநேரம் உக்காந்து படிச்சிட்டு எழுதச் சொல்லுங்க. அப்புறம் ஆசிரியர் சார், உங்க ஆபீஸ்ல வாசகர் கடிதத்துக்கு இடம் எவ்வளவுன்னு எனக்கும் தெரியும், இது மூணு லெட்டர் நீளம் இருக்கு, கத்திரி போட்டுத்தான் ஆவீங்க. துப்பாக்கி சமாச்சாரத்தை வெட்டிக்கோங்க, சாக்லேட்டைக் கூட வெட்டிக்கோங்க, அந்தக் காப்பி விஷயத்தை மட்டும் முழுசா விட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு ரிட்டயர்ட் மெக்கானிக், உங்க பல வருஷத்து வாசகன்