இரைச்சல் என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழில் ஹெவி மெற்றலின் இரண்டு கிளைகளான பிளாக் மெற்றல் (வேகமும் கரகரப்பும்), டூம் (மெதுவும் கனமும்) பற்றி வந்த விமர்சனங்களில் மூன்று தொகுப்புகளுக்கும் ஒரே தீர்ப்பு: ‘ஒலிப்பதிவு மோசம், வெறும் இரைச்சல்’. தமிழில் இதையெல்லாம் யாரும் எழுதுவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் இரைச்சலிலும் வேண்டுமென்று வைத்தது, கைதவறி வந்தது என்று இரண்டு வகை உண்டு.

1994இல் நோர்வேயிலிருந்து வந்த இரண்டு தொகுப்புகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் விளங்கும். டார்க்த்ரோன் என்ற பிளாக் மெற்றல் குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கே தடமுள்ள சிறு கருவியில் பதிந்தது. ட்ரம்ஸ், கிற்றார், பேஸ் மூன்றும் ஒரே ஆள். மேஹெம் என்ற இன்னொரு குழுவின் தொகுப்போ பேர்கன் நகரின் கிரீக்ஹாலன் கச்சேரி மண்டபத்தில் பதிந்தது. ட்ரம்ஸைச் சுற்றி அந்த மண்டபமே கேட்கும். டார்க்த்ரோனின் 1991 முதல் தொகுப்பு ஸ்டொக்ஹோமில் முறையான ஸ்டூடியோவில் செய்தது. ஆகவே ‘டிரான்சில்வேனியன் ஹங்கரின்’ மெலிந்த ஒலி வழி தெரியாமல் வந்ததல்ல.

அப்படியானால் பிழையை எப்படிப் பிடிப்பது? பேஸ் ட்ரம் விழும் ஒவ்வொரு தடவையும் கிற்றார் அமுங்கி எழும்பினால், கடைசிக் கட்டத்தில் ஒலியளவை மிஞ்சி ஏற்றியிருக்கிறார்கள். அது குறைதான், எழுதுங்கள். சிம்பல் தண்ணீருக்குள் அடித்ததுபோல் குழைந்தால் குற்றம் குழுவினுடையதல்ல, நீங்கள் கேட்ட 128 கிலோபிட் எம்பி3 கோப்பினுடையது. இந்த இசையில் கிற்றார் நரம்பை ஒரு செக்கனுக்குப் 13 தடவை அளவில் மீட்டுவார்கள். அவ்வளவு நெருக்கமான ஒலியைச் சுருக்கும்போது முதலில் கெடுவது சிம்பல்தான். கசெற்றில் ஒலி மங்கினால், கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியை எடுக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, நன்றாகத் தெரிந்த வேறொரு கசெற்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் மங்கினால் ஹெட் சரிந்தோ தேய்ந்தோ இருக்கலாம்.

டூம் விமர்சனத்தில் ‘கிற்றாரில் கனமில்லை’ என்று இருந்தது. போனில் கேட்டிருப்பார் போலும். கிற்றாரின் தடித்த நரம்பு சாதாரணமாக 82 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 82 அதிர்வு. பிளாக் சபாத் குழுவின் கிற்றார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். நரம்பு தளர்ந்தால் அழுத்துவது இலகு என்று 1971இல் மூன்று அரைச்சுரம் இறக்கினார், அது 69. இப்போதைய டூம் குழுக்கள் 55 வரைகூடப் போகிறார்கள். நகமளவு ஸ்பீக்கரில் இதெல்லாம் வரவே வராது. மேற்சுரங்களை வைத்துக் காது ஊகிக்கிறது, அவ்வளவே.

‘இருபது நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை’ என்ற வரிதான் அதிகம் உறுத்தியது. ஒரு நரம்பு 55இலும் மற்றது 56இலும் நின்றால் ஒலி செக்கனுக்கு ஒரு தடவை வீங்கி வற்றும். வாசிப்பவர் அந்த இடைவெளியை மெல்ல நகர்த்துவதுதான் அங்கே நடப்பது. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் நாளும் கேட்பதும் இதையே. சுர இடைவெளிகளைக் கணக்குப் போட்டுக் காட்டிய ‘யாழ் நூல்’ (1947) காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் எழுதியது. எங்கள் ஊர்ப்பக்கத்து வாசகருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாதென்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று. பிளாக் மெற்றலில் இனவெறியைப் பாடும் குழுக்களும் உண்டு. பாட்டு வரிகளையும் வெளியீட்டாளர் வேறென்ன விற்கிறார் என்பதையும் பாராமல் புகழ்ந்துவிடக் கூடாது. கூட வரும் விளம்பரத் தாளைப் பார்த்து எழுதவும் வேண்டாம். முதற்தடவை வரிகளைப் பாராமல் ஹெட்போனில், அடுத்து ஸ்பீக்கரில், பிறகு வரிகளோடு: மூன்று தடவையாவது கேட்ட பின் பேனாவை எடுக்கலாம்.

ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் ஒரு வரி போடுங்கள்: கசெற்றா, இசைத்தட்டா, கோப்பா, எதில் கேட்டது, எத்தனை தடவை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.