கருமுட்டை எடுக்கப் போகும் தங்கச்சிக்கு

அன்பு மக்களே,

சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்காக உனக்கு முட்டை எடுக்கப் போகிறார்கள். நேற்று ராத்திரி போனில், "எத்தனை முட்டை கிடைக்கும் அக்கா?" என்று மூன்று தடவை கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். எனக்கு யாரும் இதை முன்னாலேயே சொல்லவில்லை. ஸ்கேனில் சினைப்பையில் முட்டை வளரும் குமிழி 14 தெரிந்தது என்றதும் மார்த்தாண்டம் சந்தையில் ஒரு சீப்பு செவ்வாழை வாங்கிக்கொண்டு துள்ளிக்கொண்டு வந்தேன். எடுத்தது 11. முதிர்ந்தது 8. மறுநாள் லேபிலிருந்து போன் வந்தது, விந்தோடு சேர்ந்து கருவானது 5. ஐந்தாம் நாள் மிஞ்சியது 2. ஒவ்வொரு போன் வந்தபோதும் பின்வாசல் படியில் உட்கார்ந்து, நான் என்ன தப்பு செய்தேன் என்று அழுதேன். தப்பு ஒன்றும் இல்லை மக்களே. எல்லாக் குமிழியிலும் முட்டை இருக்காது. இருப்பதெல்லாம் முதிர்ந்திருக்காது. முதிர்ந்ததெல்லாம் கருவாகவும் செய்யாது. யாருக்கும் அப்படித்தான். அந்த இரண்டும் வயிற்றில் தங்கவில்லை, உனக்குத் தெரியும். அடுத்த தடவை கிடைத்தது 6 முட்டைதான். அதில் ஒன்றுதான் இன்றைக்கு உன்னைச் சித்தி என்று கூப்பிடுகிறவள்.

வயிறு உப்பிச் சேலை நிற்கவில்லை என்றாய். சினைப்பை அத்தனை பெரிதாகியிருக்கும். அதனால் குடம் தூக்காதே, குதிக்காதே. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுத்து வலித்தால் சினைப்பை முறுக்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்புறம் டிரிக்கர் ஊசி, முட்டையைக் கடைசியாக முதிர வைக்கும் ஊசி. ராத்திரி 9:30 என்று சொன்னால் 9:30தான். அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். முந்தினால் முட்டை முதிராது, பிந்தினால் குமிழி தானே உடைந்துவிடும். நானும் உன் அத்தானும் இரண்டு போனில் அலாரம் வைத்துவிட்டு சுவர்க்கடிகாரத்தின் கீழே நின்றோம். 9:25க்குக் கரண்டு போனது. நான் டார்ச் பிடித்தேன், அவர் ஊசி போட்டார். பக்கத்து வீட்டில் கல்யாணமே நடந்தாலும் அன்றைக்குப் போகாதே.

ஆஸ்பத்திரியில் சொன்ன நேரத்துக்குப் பிறகு தண்ணீர்கூட வேண்டாம், மயக்கத்தில் வாந்தி வந்தால் ஆபத்து. சென்ட், பவுடர், நகப் பாலிஷ், தலைப்பூ எதுவும் கூடாது. கம்மலோடு தாலியையும் கழற்றச் சொல்வார்கள். எனக்கு அங்கேதான் கை நடுங்கியது. அத்தான் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, நான் வெளியே வரும்வரை பையைப் பொத்திக்கொண்டே நின்றாராம். நீயும் மாப்பிள்ளை கையிலேயே கொடு. அவரும் அன்றைக்கு விந்து சாம்பிள் கொடுக்க வேண்டும், அவருக்கும் பதற்றம் இருக்கும்.

உள்ளே 20, 30 நிமிடம்தான். வயிற்றில் கீறல் இல்லை, தையல் இல்லை. ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக மெல்லிய ஊசியை விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். விழித்த பிறகு மாதவிலக்கு வலி மாதிரி இருக்கும், லேசாக ரத்தம் படும். திரும்பும்போது பஸ்ஸில் குலுங்காதே, காரிலேயே வா.

வீட்டுக்கு வந்தபின் வயிறு மேலும் வீங்கினாலோ, எடை சட்டென்று ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. நடுராத்திரி என்றாலும் டாக்டரைக் கூப்பிடு.

"விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று கோயில் கொடையில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை உனக்கு இல்லை. மாமியாரிடம் தேதியைச் சொல், எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம். அவர் நல்லவர்தான். ஆனால் எண்ணைச் சொன்னால் தினமும் அதையே கேட்பார், உன்னால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வந்துவிடுவேன். சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, தேங்காய்த் துவையல் எல்லாம் தூக்குவாளியில் இருக்கும். பப்படத்தை உன் வீட்டில் வந்து சுட்டுக்கொள்ளலாம்.

உன் அக்கா