டேப் டிரைவ் முன்பதிவு முறையை எங்களிடம் சொல்லாமல் நீக்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
தலைவர், கணினிப் பிரிவு,
ஆயுள் காப்பீட்டு நிறுவனம், சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர், மெயின்ஃபிரேம் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: ஜாப் (கணினியில் ஓடும் ஒரு வேலைத் தொகுப்பு) தொடங்கும் முன்பே டேப் டிரைவ்களை (காந்த நாடாக்களைப் படித்து எழுதும் கருவிகளை) ஒதுக்கிவைக்கும் வசதியை மீட்டுத் தரவும், தவறாக வசூலித்த டிரைவ் வாடகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

எங்கள் பாலிசிக் கணக்குகள் பல ஆண்டுகளாக உங்கள் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் ஓடிவருகின்றன. சென்ற மாதக் கடைசி இரவு எங்கள் பிரீமியம் இணைப்பு ஜாப் (மண்டல டேப்களை ஒன்றாக்குவது) டேப் டிரைவ் கிடைக்காமல் விடியும்வரை நின்றுவிட்டது. அது பிடித்துவைத்திருந்த மாஸ்டர் ஃபைலைக் காலையில், நேரடிப் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் சிஐசிஎஸ் மென்பொருளால் திறக்க முடியவில்லை. தவணை கட்டக் கிளைகளுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அன்று சலுகைக் கெடு முடியும் பாலிசிதாரர்களும் அவர்களில் இருந்தார்கள். உங்கள் உதவி மையம் அனுப்பிய பதில் ஒரே வரி: "டிரைவ்கள் அனைத்தும் பயன்பாட்டில் இருந்தன."

இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. டிரைவ்கள் நிரம்பியிருப்பது எல்லா மெயின்ஃபிரேமிலும் நடக்கிற காரியம். டிரைவ் இல்லாத நேரத்தில் ஜாப்பை எந்த இடத்தில் காக்கவைக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

முன்பு உங்கள் இயந்திரத்தில் ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் ஜெஸ்3 என்ற மென்பொருள் இருந்தது. அதன் மெயின் டிவைஸ் ஷெட்யூலர் என்ற பகுதி, ஜாப்பின் ஜேசிஎல்லை (அதை எப்படி ஓட்டுவது, என்னென்ன வேண்டும் என்று எழுதிய கட்டளை வரிகளை) முதலில் படித்து, அதற்கு வேண்டிய டிரைவ்கள், டேப்கள், ஃபைல்கள் எல்லாம் கிடைக்குமா என்று பார்க்கும். கிடைக்காவிட்டால் ஜாப் செட்டப் வரிசையிலேயே நிற்கும். இனிஷியேட்டரை (ஜாப் ஓடும் இடத்தை) அடைக்காது, எந்த ஃபைலையும் டிரைவையும் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களை மறிக்காது. ஹை வாட்டர்மார்க் முறையில் ஒதுக்கீடு இன்னும் சிக்கனமானது. ஒரு ஜாப்பின் ஸ்டெப்களுக்கு (படிகளுக்கு) முறையே 2, 5, 1 டிரைவ்கள் வேண்டுமென்றால் கூட்டி 8 கேட்காது. அதிகபட்சமான ஐந்தை மட்டும் முதலிலேயே ஒதுக்கும், பின்வரும் ஸ்டெப்களுக்குத் தேவைப்படாதவற்றை இடையிலேயே விட்டுவிடும். எங்கள் இரவு வேலை அட்டவணை முழுவதையும் இதை நம்பித்தான் அமைத்திருக்கிறோம்.

ஜெஸ்3 போகவேண்டிய நிலை வந்தது எங்களுக்கும் தெரியும். மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.5-தான் அது இடம்பெறும் கடைசி வெளியீடு என்று ஐபிஎம் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. அந்த வெளியீடு 2021-இல் வந்தது. விரும்புகிறவர்கள் வேறொரு நிறுவனம் தொடர்ந்து தரும் ஜெஸ்3பிளஸுக்குப் போகலாம், இல்லையென்றால் ஐபிஎம்மின் இன்னொரு ஜாப் மென்பொருளான ஜெஸ்2-வுக்கு மாறலாம். நீங்கள் ஜெஸ்2-வைத் தேர்ந்தெடுத்தீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் மாற்றத்துக்கு முன் எங்களுக்கு வந்த சுற்றறிக்கை, "வாடிக்கையாளர்கள் தங்கள் ஜேசிஎல்லில் எதையும் மாற்ற வேண்டியதில்லை" என்றது. இந்த ஒரு வாக்கியத்தால் வந்த வினைதான் இவ்வளவும்.

எங்கள் ஜாப்களில் ஜெஸ்3-க்கான மெயின் வரிகள் இருக்கின்றன. செட்டப் எப்படி நடக்க வேண்டும் என்று அவற்றில்தான் சொல்லியிருக்கிறோம். அவை இரண்டு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியுமாகத் தொடங்குபவை. உங்கள் ஜெஸ்2 அவற்றை வெறும் குறிப்பு வரிகளாக எண்ணித் தாண்டிப் போகிறது. பிழைச் செய்தி வராது, ஜாப்பும் நிற்காது. அதனால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். பிழை என்று ஒன்று வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். இதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். மாற்றத்தைத் திட்டமிட்டவர்களும் சோதித்தவர்களும் உங்கள் ஆட்கள்தான்.

ஜெஸ்2-வில் டிரைவ் ஒதுக்கீடு ஒவ்வொரு ஸ்டெப்பும் தொடங்கும்போதுதான் நடக்கிறது. அதற்குள் ஜாப் இனிஷியேட்டரில் ஏறி உட்கார்ந்துவிடும், தன் ஃபைல்களையும் பூட்டிவிடும். டிரைவ் போதவில்லையென்றால் ஐஇஎஃப்238டி என்ற செய்தி கன்சோலுக்கு வந்து ஆபரேட்டரின் பதிலைக் கேட்கும். ஒரு டிரைவின் எண்ணைத் தரலாம், கேன்சல் செய்யலாம், வெயிட் சொல்லலாம். வெயிட் சொன்னால் கூடவே ஹோல்டா நோஹோல்டா என்பதையும் சொல்லவேண்டும். ஹோல்ட் என்றால், இதுவரை கிடைத்த டிரைவ்களை விடாமல் பிடித்துக்கொண்டே காத்திருக்கும். நோஹோல்ட் என்றால் அவற்றை விட்டுவிட்டுக் காத்திருக்கும்.

நாங்கள் கேட்டு வாங்கிய கன்சோல் பதிவைப் பார்த்தேன். உங்கள் இரவு ஷிப்டில் எல்லா ஜாப்களுக்கும் வெயிட், ஹோல்ட் என்றே பதில் போயிருக்கிறது. உங்களிடம் எங்களுக்கெனப் பிரித்துக்கொடுத்த டிரைவ்கள் எட்டு. எங்கள் இணைப்பு ஜாப்புக்கு ஐந்து வேண்டும், காப்புநகல் ஜாப்புக்கும் ஐந்து. ஆளுக்கு நான்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவதுக்காக இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இனி எந்த டிரைவும் விடுபட வழியில்லை. காலை ஷிப்டுக்கு வந்தவர் ஒரு ஜாப்பை கேன்சல் செய்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. கேன்சலானது எங்கள் இணைப்பு ஜாப்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் அன்று. ஐபிஎம்மின் ஹேவெண்டர் 1968-லேயே ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: வேண்டியதையெல்லாம் ஒரே தடவையில் கேள், இன்னும் வேண்டும் என்று கேட்டு மறுக்கப்பட்டால், கையில் இருப்பதை விட்டுவிட்டு மொத்தத்தையும் மறுபடி கேள். ஐபிஎம்மின் அந்தக்கால இயங்குதளமான ஓஎஸ்/360-இன் ஒதுக்கீடு அந்தச் சிந்தனையில் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த விதியை உங்கள் ஆபரேட்டர் ஒரு சொல்லால் உடைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நள்ளிரவில் தனியாக இருப்பவருக்கு எழுதிவைத்த விதிமுறை எதுவும் இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

நோஹோல்ட் மட்டும் முழுத் தீர்வாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து டிரைவ் கேட்கும் ஜாப் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காத்திருக்க, ஒன்றிரண்டு மட்டும் கேட்கும் சின்ன ஜாப்கள் முந்திக்கொண்டே போகும். அப்போதும் ஃபைல் பூட்டும் இனிஷியேட்டரும் விடுபடா. ஜாப் தொடங்கும் முன்னால் நடக்கும் ஒதுக்கீடுதான் எங்களுக்கு வேண்டும்.

"உங்கள் ஜேசிஎல்லில் டிரைவ் எண்ணிக்கையைக் குறையுங்கள்" என்று உதவி மையம் யோசனை சொன்னது. ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் டேப்களுக்கு யூனிட்=ஏஎஃப்எஃப் போட்டு ஒரே டிரைவைப் பகிர்கிறோம். படித்து முடித்ததும் டிரைவை விட ஃப்ரீ=குளோஸ் போட்டிருக்கிறோம். ஆனால் இணைப்பு ஜாப் வரிசைப்படுத்திய நான்கு மண்டல டேப்களை ஒரே நேரத்தில் திறந்து படித்து ஐந்தாவதில் எழுதுகிறது. நான்கில் எதையும் மூடிவைத்துவிட்டு இணைக்க முடியாது. ஐந்து என்பது அந்த வேலையின் இயல்பிலேயே இருக்கிற எண்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரு பில். டிரைவ் பிடித்திருந்த நேரத்துக்கு வாடகை என்பது ஒப்பந்தம். ஒரு பைட்கூடப் படிக்காமல், எழுதாமல் டிரைவ்கள் முடங்கிக் கிடந்த அந்த இரவு நேரத்துக்கும் சேர்த்து வசூலித்திருக்கிறீர்கள். மெயின்ஃபிரேம் தானே எழுதிவைக்கும் எஸ்எம்எஃப் 30-ஆம் வகைப் பதிவில் டிரைவ் ஒதுக்கீடு தொடங்கிய நேரமும் புரோகிராம் ஓடத் தொடங்கிய நேரமும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நாங்கள் காத்துக்கிடந்த நேரம். அதற்கு வாடகை கேட்பது நியாயமே இல்லை.

எனவே நாங்கள் கேட்பது இவை. ஜெஸ்2-வுக்கு மாறிய நாளிலிருந்து எங்கள் ஜாப்கள் அனைத்தின் எஸ்எம்எஃப் 30 பதிவுகளையும் தந்து, காத்திருந்த நேரத்துக்கான வாடகையைத் திருப்பித் தாருங்கள். அலாக் பார்ம்லிப் உறுப்பில் (ஒதுக்கீட்டு விதிகள் எழுதிய அமைப்புக் கோப்பில்), டிரைவ் கிடைக்காதபோது என்ன செய்வது என்ற கொள்கை ஆபரேட்டரைக் கேட்கும்படியே இருக்கிறது என்று உங்கள் பொறியாளர் சொன்னார். அதைக் கையால் பதில் சொல்லத் தேவையில்லாதபடி நோஹோல்டுக்கு மாற்றுங்கள். அதோடு டேப் ஜாப்களுக்கெனத் தனி ஜாப் கிளாஸ் ஒதுக்கி, ஒரே சமயத்தில் எத்தனை ஓடலாம் என்பதற்கு எக்ஸ்இக்யூகவுண்டில் வரம்பு வையுங்கள். ஐந்து டிரைவ் ஜாப்கள் இரண்டுக்கும் ஒரு ஷெட்யூலிங் என்விரான்மெண்ட் (நிபந்தனை நிறைவேறினால் மட்டும் ஜாப்பைத் தொடங்கவிடும் ஏற்பாடு) அமைத்து, வேண்டிய டிரைவ்கள் காலியாக இருக்கும்போது மட்டும் அது திறக்கும்படி உங்கள் ஆட்டோமேஷனில் எழுதுங்கள். ஜெஸ்3-இன் செட்டப்புக்கு இவை ஈடாகா, ஆனாலும் ஜாப் இனிஷியேட்டருக்கு வெளியே காத்திருக்கும்.

அடுத்த மாதக் கணக்கு முடிப்புக்கு முன் இவை நடைமுறைக்கு வரவேண்டும். அதுவரை மாதக் கடைசி இரவுகளில் எங்கள் இணைப்பு ஜாப் முடியும்வரை காப்புநகல் ஜாப்பைத் தொடங்கவிடாமல் நிறுத்திவைக்குமாறு உங்கள் ஷிப்ட் பொறுப்பாளருக்கு எழுத்தில் உத்தரவிட்டு, அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். ஜேசிஎல்லில் மாற்றம் வேண்டியதில்லை என்ற சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, ஜெஸ்2 கண்டுகொள்ளாமல் விடும் ஜெஸ்3 வரிகள் எவை என்ற பட்டியலை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தாருங்கள். எங்களைப்போல இன்னும் எத்தனை பேருடைய வரிகள் இப்படிப் படிக்கப்படாமல் போகின்றனவோ.

இப்படிக்கு,
தலைவர், கணினிப் பிரிவு

இணைப்பு: கன்சோல் பதிவின் நகல், சென்ற மாத பில், உங்கள் சுற்றறிக்கையின் நகல்