அளவைச் சொல்லாமல் அச்சத்தை மட்டும் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணு உலை விபத்து என்றாலே "கதிர்வீச்சு கசிவு", "இயல்பைவிடப் பல மடங்கு" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வருகிறது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எத்தனை மில்லி சீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று உள்ளே தேடினால் ஒன்றும் இருப்பதில்லை. உங்கள் நாளிதழ் மட்டுமல்ல, தொலைக்காட்சிகளும் இப்படித்தான். நான் கூடங்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன், பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். இந்த அரைகுறைச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்தில் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபுகுஷிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் சேர்ந்து ஜப்பானில் 18,000 பேருக்கு மேல் பலி வாங்கின. அந்தச் சாவுகளை அணு உலைக் கணக்கில் எழுதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். உலையில் நடந்தது வேறு. கடல்நீர் உள்ளே புகுந்து டீசல் ஜெனரேட்டர்கள் நின்றுபோயின, குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது, ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்களின் கூரை பறந்தது. கதிரியக்கப் பொருள்கள் காற்றிலும் கடலிலும் கலந்தன. மோசமான விபத்துதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மாகாண மக்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகள் கவனித்த ஐ.நா. அறிவியல் குழு, கதிர்வீச்சுதான் நேரடிக் காரணம் என்று சொல்லக்கூடிய பாதிப்பு எதுவும் அவர்களிடம் பதிவாகவில்லை என்று அறிக்கை கொடுத்தது. உலையில் வேலை செய்த ஒருவர் நுரையீரல் புற்றுநோயால் இறந்ததற்கு மட்டும் கதிர்வீச்சு காரணமாக இருக்கலாம் என்று 2018-ல் ஜப்பான் அரசு ஏற்று இழப்பீடு கொடுத்தது.

அப்படியானால் யாருமே சாகவில்லையா? செத்தார்கள், நிறையப் பேர். 1,50,000-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். உலையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்த ஃபுதாபா மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர்களைப் பேருந்தில் ஏற்றி, சரியான மருத்துவக் கவனிப்பு இல்லாமல் மணிக்கணக்கில் சுற்றினார்கள். அந்த இடமாற்றத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்புறம் முகாம் வாழ்க்கை, தொடர முடியாமல்போன சிகிச்சை, மனமுடைந்த தற்கொலைகள் என்று அந்த மாகாணத்தில் மட்டும் 2,300-க்கும் அதிகமானவர்கள் பேரிடரின் தொடர்ச்சியாக இறந்ததாக அரசே கணக்குக் காட்டுகிறது. வெளியேறியதால்தான் பலருக்குக் கதிர்வீச்சு குறைவாகப் பட்டது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கேள்வி, அந்த முதியவர்களை அன்றைக்கே, அந்த மாதிரி தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்ததா என்பதுதான். இரண்டு நாள் அங்கேயே கதவைச் சாத்திவைத்து, டாக்டரும் ஆம்புலன்ஸும் வந்த பிறகு மாற்றியிருக்கலாம். எவ்வளவு கதிர்வீச்சு என்று கணக்குப் பார்த்து முடிவெடுக்க அங்கே ஆள் இல்லை.

இதற்கு நேர்மாறானதும் அதே ஊர்ப்பக்கம்தான் நடந்தது. காற்று எந்தத் திசையில் கதிரியக்கத்தைக் கொண்டுபோகும் என்று கணிக்கும் கருவி அமைப்பு ஜப்பான் அரசிடம் இருந்தது. அதன் கணிப்பை உரிய நேரத்தில் மக்களிடம் சொல்லவில்லை. நாமியே ஊர் மக்கள் சுஷிமா என்ற பகுதிக்குப் போய்த் தங்கினார்கள், கதிரியக்க மேகமும் அந்தப் பக்கமாகத்தான் போனது. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபிலில் மறைத்ததன் விலை இன்னும் அதிகம். 1986 ஏப்ரல் 26-ல் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரத்தை மறுநாள் மதியம்தான் காலி செய்தார்கள், கிராமங்களில் பலருக்கு எதுவுமே சொல்லவில்லை. மாடு புல்லைத் தின்றது, குழந்தைகள் பாலைக் குடித்தார்கள், பாலில் இருந்த அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. அதன் அரை ஆயுள் எட்டே நாள், அதாவது எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். சில வாரம் அந்தப் பாலைக் கொடுக்காமல் இருந்திருந்தாலே பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். 2005-க்குள் சிறுவயதில் பாதிக்கப்பட்டவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது, அதில் கணிசமான பங்கு இந்தப் பாலால் வந்தது. போலந்து அரசோ விபத்து நடந்த சில நாட்களிலேயே ஒரு கோடிக் குழந்தைகளுக்கு, தைராய்டு கதிரியக்க அயோடினை உறிஞ்சாமல் இருக்க, சாதாரண அயோடின் கொடுத்துவிட்டது.

எண்கள் தெரிந்தால் பயமும் அளவோடு இருக்கும். இயற்கையிலிருந்தே உலகத்தில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. ஒரு மார்பு சிடி ஸ்கேனில் சுமார் 7. நம் மணவாளக்குறிச்சி, கேரளத்துக் கருநாகப்பள்ளி கடலோர மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கை அளவே அதிகம். ஆயிரம் மில்லி சீவர்ட் ஒரே நேரத்தில் பட்டால் உடம்பு படுத்துவிடும், 4,000-ஐத் தாண்டினால் சிகிச்சை இல்லாமல் பாதிப் பேர் பிழைப்பது கடினம். நூறுக்குக் கீழே ஆபத்து எவ்வளவு என்று ஆய்வுகளால் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை, ஆனாலும் சிறிதளவுக்கும் சிறிது ஆபத்து உண்டு என்று வைத்துக்கொண்டுதான் பாதுகாப்பு விதிகள் எழுதப்படுகின்றன. "மணிக்கு இவ்வளவு" என்று வரும் எண்ணை மொத்த அளவாக எழுதிவிடுவதுதான் செய்திகளில் நான் அதிகம் பார்க்கும் தப்பு. பேருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதாலேயே 80 கிலோமீட்டர் போய்விட்டது என்று ஆகாது.

இந்த அடிப்படை இல்லாததால்தான் 2011-ல் சீனாவில் ஜனங்கள் உப்பிலுள்ள அயோடின் காப்பாற்றும் என்று நம்பிக் கடை கடையாக உப்பு வாங்கிக் குவித்தார்கள், கழுத்தில் அயோடின் கலந்த காய மருந்தான பெட்டாடின் தடவச் சொல்லி பிபிசி பெயரில் பொய்யான குறுஞ்செய்தி ஆசிய நாடுகளில் சுற்றியது. பெட்டாடினைக் கழுத்தில் தடவித் தைராய்டைக் காப்பாற்ற முடியாது.

பயப்படாதே என்று மக்களிடம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் கணினி வைரஸ் புகுந்ததா என்று கேட்டபோது முதல்நாள் இல்லை என்றார்கள், மறுநாள் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் இருந்தது உண்மைதான் என்றார்கள். இப்படிச் செய்தால் நாளைக்கு "எல்லாம் பாதுகாப்பான அளவில்தான்" என்று உண்மையையே சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஆகவே உங்களிடம் கேட்பது இது. கூடங்குளத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் உண்டு. அந்தத் திட்டப்படி அயோடின் மாத்திரை எந்தெந்த ஊரில், யாரிடம் இருக்கிறது, படுக்கையில் கிடப்பவர்களை யார் எந்த வண்டியில் கொண்டுபோவார்கள், மீனவர்கள் கடலில் இருக்கும் நேரம் என்றால் தகவல் எப்படிப் போகும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். உலையைச் சுற்றி அளக்கப்படும் கதிர்வீச்சு அளவையும் வாங்கி, வானிலை போடும் பக்கத்திலேயே தினமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
வள்ளியூர்