மங்களத்துக்குப் பிறகு அரைமணி நேரம்

சென்னை சபாச் செயலாளர்களுக்கு,

வணக்கம். போன மார்கழியில் ஒரு மாலை, பரதநாட்டியக் கச்சேரி. ஆடியவர் ‘கிருஷ்ணா நீ பேகனே’ என்ற கன்னடப் பாடலை எடுத்தார். குழந்தையின் வாய்க்குள் உலகம் தெரிகிற இடத்தில் யசோதை கண்ணை அகல விரித்துத் திகைப்பாள். நாம் பார்த்துப் பழகியது அதுதான். இவர் திகைக்கவில்லை. குனிந்து பார்த்தார், ஒரு கணம் அசையாமல் நின்றார், முந்தானையால் வாயோரத்து மண்ணைத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து இருக்கை மாமி, “தப்பா பண்றா” என்று முணுமுணுத்தார். ஏன் தப்பு என்று அவரிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. தில்லானா, மங்களம் எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள். வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். மாமி ஆட்டோ ஏறிவிட்டார். கேன்டீனில் காதில் விழுந்ததெல்லாம் புடவை நிறமும் கீரை வடையும்தான்.

நான் பரதத்தில் பட்டம் வாங்கி, இப்போது வங்கியில் வேலை பார்ப்பவள். கல்லூரியில் தெலுங்குக் கவி க்ஷேத்ரய்யாவின் காதல் பதம் ஒன்றின் நாயகி சுவீயாவா (கணவனுக்கு உரியவள்) பரகீயாவா (பிறருக்கு உரியவள்) என்று மரத்தடியில் மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறோம். அந்தப் பதம் எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல, அந்தச் சண்டையில்தான். படிப்பு முடிந்ததோடு மரத்தடியும் போயிற்று. இப்போது தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் மட்டும் வருகின்றன.

லெக்டெம், அதாவது செய்து காட்டி விளக்கும் சொற்பொழிவு, இருக்கிறதே என்பீர்கள். சரி. மியூசிக் அகாடமியின் காலை அமர்வுகளும் கிருஷ்ண கான சபா 1981-ல் தொடங்கிய நாட்டிய கலா மாநாடும் பெரிய கொடை. ஆனால் காலை நேரத்தில் நான் கவுண்டரில் இருப்பேன். தவிர, அங்கே பேசுபவர் விஷயம் தெரிந்தவர், நாம் கேட்பவர்கள். நேற்று மாலை பார்த்த ஒரு முந்தானையைப் பற்றி அங்கே யார் பேசுவார்கள்?

இந்த ஊருக்கு ஆட்டத்தைப் பற்றி வாதாடத் தெரியாதா என்ன! தேவதாசிகளின் சதிராட்டம் கூடாது என்ற முத்துலட்சுமி ரெட்டியும் அந்தக் கலையைக் காக்க வேண்டும் என்ற இ. கிருஷ்ண ஐயரும் 1932-ல் பத்திரிகைகளில் கடிதம் எழுதியே மோதிக்கொண்டார்கள். (ஆடிவந்த பெண்களின் குரல் அதில் எவ்வளவு எடுபட்டது என்பது தனி வழக்கு.)

நான் கேட்பது சின்ன விஷயம். நாளின் கடைசிக் கச்சேரிக்குப் பிறகு அரைமணி நேரம் விளக்கை எரிய விடுங்கள். அரங்கம் முடியாதென்றால் கேன்டீன் ஓரத்தில் இருபது நாற்காலி போதும். தலைமை, முன்னிலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஆடியவர் வர வேண்டிய கட்டாயமில்லை; பாவம், சலங்கையைக் கழற்றிச் சாப்பிடட்டும். நட்டுவனார் எட்டிப்பார்த்தால் எங்கள் அதிர்ஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை: “நன்னா இருந்தது” என்பவர் எந்த இடம் என்று சொல்லியாக வேண்டும்.

வாட்ச்மேன் அண்ணனுக்கு அந்த அரைமணிக்கான கூடுதல் சம்பளத்தை நாங்களே திரட்டித் தருகிறோம். அந்த மாமி இந்த வருடமும் வருவார். அவர் பக்கத்து இருக்கைக்குத்தான் டிக்கெட் எடுக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசை ரசிகை ஒருத்தி