முதலில் புதைவது முன் சக்கரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறுவை நெல்லை அறுத்த கையோடு, அடுத்த போகமான தாளடி நெல்லுக்குச் சேறு அடிக்கிற காலம் இது. ஐப்பசி மழையும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து நிற்கிற வயலில் டிராக்டர் புதைவதும், இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுப்பதும் எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் சாதாரணம். புதைந்த வண்டியைப் பார்க்கிறவர்கள் பின் சக்கரத்தைத்தான் குறை சொல்வார்கள். சொந்த வயலிலும் வாடகைக்கும் பல வருஷமாகச் சேற்றுழவு ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் இறங்குவது முன் சக்கரம். அதைப் பற்றி வண்டி விற்கிறவர்களும் பேசுவதில்லை, பயிற்சி முகாம் நடத்துகிறவர்களும் பேசுவதில்லை.

பின் சக்கரம் மட்டும் இழுக்கிற 2 வீல் டிரைவ் டிராக்டர்களில் நிறைய வண்டிகளுக்கு முன்னால் 6.00-16 அளவு டயர்தான் வருகிறது. அகலம் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம், டயரைச் சுற்றிலும் மூன்று வரிப் பட்டை. தார் ரோட்டில் டிரெய்லர் இழுக்கவும், காய்ந்த நிலத்தை உழவும் அது போதும். சேற்றுக்கு என்று வரும்போது நாம் செய்கிற ஒரே ஏற்பாடு, பின் சக்கரத்தில் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுவது. அதனால் பின்பக்கம் மிதக்கிறது. முன்பக்கத்துக்கு ஒன்றுமே செய்வதில்லை. ஒல்லியான அந்தச் சின்னச் சக்கரம் சேற்றைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. அச்சு மட்டத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் அது உருளாது, சேற்றைத் தள்ளிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். ஒரு பக்கத்துப் பிரேக்கை மிதித்துத்தான் திருப்ப வேண்டும். முன்னால் இந்த முட்டுக்கட்டை இருப்பதால் பின் சக்கரம் வழுக்கிச் சுழன்று தனக்குத் தானே குழி பறிக்கிறது. பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது அந்தக் குழி மட்டும்தான்.

எல்லா வயலும் இப்படி இல்லை. காலங்காலமாகச் சேறு அடித்த வயலில் ஒரு சாண் ஆழத்தில் மண் இறுகித் தளம்போல் இருக்கும். முன் சக்கரம் அந்தத் தளத்தில் போய் நின்றுவிட்டால் பயமில்லை, ஒல்லி டயரே ஓடிவிடும். சிக்கல் வருவது உளை என்கிற ஆழச் சேற்றில்: வடிகால் ஓரம், தண்ணீர் நுழைகிற வாய்மடை, ஈரத்தில் அறுவடை வண்டி ஓடித் தளத்தை உடைத்த இடம். அங்கே காலுக்கு அடி கிடைக்காது. அறுவடை இயந்திரத்தில் ஈர வயலுக்கென்றே, டயருக்குப் பதில் பட்டைச் சங்கிலியில் ஓடுகிற செயின் வண்டி வந்துவிட்டது, விவசாயிகளும் கூடுதல் வாடகை கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். அதே வயலில் அடுத்ததாக இறங்குகிற டிராக்டரின் முன் சக்கரத்தை மட்டும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. 6.00-16 இருக்கிற இடத்தில் 7.50-16 போடலாம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, உயரமும் இரண்டு மூன்று அங்குலம் கூடும். உயரம் கூடினால் சக்கரம் சேற்றின் மேல் ஏறி உருளுவது எளிது. பெரிய டயர் அதே எடையைக் குறைந்த காற்றில் தாங்கும் என்பது இன்னொரு லாபம். ஆனால் பழைய ரிம்மிலேயே இதை மாட்டக் கூடாது, அதற்கேற்ற அகல ரிம் வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 4 வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் முன் டயரை மட்டும் தனியாக மாற்றவே கூடாது. முன்னும் பின்னும் ஓடுகிற வேகக் கணக்கு கெட்டு கியர் தேய்ந்துவிடும்.

டயர் மாற்றப் பணம் இல்லாதவர்கள் காற்றைக் கவனிக்கலாம். டயர் மண்ணை அழுத்துகிற அழுத்தம் ஏறக்குறைய அதில் இருக்கிற காற்றின் அளவுதான். காற்று மீட்டரில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 2 கிலோவுக்குச் சற்று மேல். 20 என்றால் 1.4 கிலோ. அதாவது, அதே எடைக்கு மண்ணைத் தொடுகிற பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிறது. எவ்வளவு வரை குறைக்கலாம் என்று டயர் கம்பெனியின் எடை அட்டவணையில் இருக்கும், அதற்குக் கீழே போனால் ரிம்மில் டயர் நகர்ந்து டியூபின் வால்வு அறுந்துவிடும். ரோட்டுக்கு ஏறுமுன் திரும்பக் காற்று அடித்தாக வேண்டும். முன்னால் தொங்குகிற வெயிட்டுகளையும், அழகுக்கு மாட்டுகிற கனத்த இரும்பு பம்பரையும் சேற்றுழவுக்கு முன் கழற்றி வீட்டில் வையுங்கள். ஆனால் முன்பக்கம் இலேசான வண்டியில், பின்னால் மாட்டுகிற சுழல் கலப்பையான ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறுவது ஆபத்து. செங்குத்தான வரப்பில் ரிவர்ஸில் ஏறுங்கள்.

இதையெல்லாம் டீசல் செலவுக்காக மட்டும் எழுதவில்லை. வண்டி புதைந்ததும் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னுக்கு எடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கட்டை சேற்றில் பிடித்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், இன்ஜினின் விசை முழுக்க வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவிடும். கண் மூடித் திறப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும், கீழே டிரைவர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். முன் சக்கரத்துக்கு எதிரே இருக்கிற சேற்றை மண்வெட்டியால் வாருங்கள், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள், அதற்கும் வரவில்லை என்றால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். ஒருமணி நேர வாடகை போனால் போகட்டும்.

புது வண்டி வாங்கப்போன இடத்தில் அகலமான முன் டயர் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். "வருகிறபடிதான் சார்" என்று சொல்லிவிட்டார்கள். டெல்டாவில் விற்கிற வண்டிக்காவது இரண்டு அளவைக் காட்டி, எது வேண்டும் என்று வாங்குகிறவரைக் கேட்க வேண்டும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் சோதனை நிலைய அறிக்கைகளில் டயர் அளவும், முன் அச்சிலும் பின் அச்சிலும் விழுகிற எடையும் தனித்தனியாக இருக்கின்றன. அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் அச்சடித்து விற்பனை நிலையங்களில் ஒட்டினாலே பலருக்கு விவரம் புரியும். வேளாண்மைப் பொறியியல் துறை தன்னுடைய வாடகை டிராக்டர்களில் முதலில் இந்த மாற்றத்தைச் செய்து, சம்பா, தாளடி வயல்களில் ஓட்டிக் காட்டட்டும். மானியத்தில் டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு அகல ரிம்மையும் டயரையும் மானியக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த குறுவைக்கு மேட்டூர் திறப்பதற்குள் இதற்கு ஓர் உத்தரவு வந்தால், அந்தப் பருவத்து உழவிலேயே பலன் தெரியும்.

இப்படிக்கு,
டிராக்டர் ஓட்டும் விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.